அணியத்துக் குருத்தோலை

அநியாயம் நடந்தது எங்க அப்பாவுக்கு, அக்கா. செய்தது என் கூடப்பிறந்த அண்ணன். அப்பா உயிரோடு, நல்ல நினைவோடு, அடுக்களை வாசலில் உட்கார்ந்து நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய வள்ளத்தை விற்றுவிட்டான். இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்களாகத்தான் கேட்டீர்கள், ஏன் பிள்ள மூஞ்சி இப்படி வாடிக் கிடக்கு என்று. கேட்டதற்குத் திருநெல்வேலி வரைக்கும் அனுபவிக்க வேண்டியதுதான். ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள், எனக்கு வேண்டாம். அந்தத் துணிப்பையை மட்டும் காலால் தள்ளிவிடாதீர்கள். உள்ளே காய்ந்த ஓலை இருக்கிறது, நொறுங்கிவிடும். இல்லை, கொடுங்கள், மடியிலேயே வைத்துக்கொள்கிறேன்.

நான் பார்த்ததைப் பார்த்த வரிசையில் சொல்கிறேன். பின்னால் தெரிந்ததை முன்னால் சொன்னால் நியாயம் கோணிப்போகும். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அப்பா பேர் இஞ்ஞாசி மிராண்டா. எங்களது பாய் வள்ளம், எஞ்சின் கிடையாது. எங்கள் கரைக்கு எதிரே கடலுக்கடியில் பாறைத் திட்டு இருக்கிறது, பார் என்போம். அங்கே நண்டுக்குப் போகிறவர்கள் பாய் விரித்துத்தான் போவார்கள். எஞ்சினில் போனால் பிடித்த நண்டு டீசலுக்கே சரியாகிவிடும். வள்ளத்தின் மூக்கை அணியம் என்போம். எங்கள் வள்ளத்தின் அணியத்தில் இரண்டு பக்கமும் நீலப் பெயிண்டில் ‘எமரன்சி’ என்று எழுதியிருக்கும். அது என் பேர்தான். நான் பிறந்த வருஷம் கட்டிய வள்ளம். ஆனால் என் பேர் எழுதியிருக்கிறது என்பதற்காக நான் சண்டை போடவில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னுடையது கொள்கைச் சண்டை.

நான் சமூகவியல் முதுகலை, கடைசி வருஷம். என் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே அதுதான்: வயதான மீனவர்களின் உடைமையைப் பிள்ளைகள் எப்படிப் பறிக்கிறார்கள். கரை கரையாகப் போய் முதியவர்களைப் பேட்டி எடுத்தேன். அழுதுகொண்டே பேசினார்கள், அக்கா. இதெல்லாம் எங்கள் வீட்டிலேயே நடக்கும் என்று கனவா கண்டேன்?

அப்பாவைப் பேட்டி எடுத்தேனா? அவரை எதற்கு எடுக்க வேண்டும்? அவரைப் பற்றித்தான் எனக்குத் தெரியுமே.

பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்தேன். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தால் எங்கள் வீட்டுக்கு முன்னால் கரைதான் தெரியும். வள்ளம் நிற்கும் இடத்தில் வள்ளம் இல்லை. அது இருந்த பள்ளத்தில் நாய் படுத்திருந்தது. கடலுக்குப் போயிருக்கும் என்று பார்த்தால், அப்பா அடுக்களை வாசலில் உட்கார்ந்திருக்கிறார். நான் பக்கத்தில் போய் நின்றேன். “யாரது?” என்றார். பெற்ற மகளைப் பார்த்து! அந்த அளவுக்கு மனது உடைந்து போயிருந்தது.

“அம்மா, வள்ளம் எங்க?”

“வித்தாச்சு. கை கழுவிட்டு வா, சோறு ஆறுது.”

இதுதான் அம்மா. உலகம் அழிந்தாலும் சோறு ஆறும் அவளுக்கு.

அண்ணன் பேர் கிளாட்வின். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். சாயங்காலம் வந்தவனைச் சட்டை கழற்றக்கூட விடவில்லை நான்.

“யாரக் கேட்டு வித்த?”

“ஏட்டி, மொதல்ல உக்காரு.”

“உக்கார மாட்டேன். யாரக் கேட்டு வித்த?”

“அப்பாவுக்கு வயசாயிட்டு.”

“வயசானா சொத்தப் புடுங்கிரலாம்னு எந்தச் சட்டத்துல இருக்கு?”

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா வலையைப் பார்த்தார். மாட்டிக்கொண்டவன் என்ன செய்வான், சொல்லுங்கள்? சட்டையைக் கழற்றிக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். அப்பா மெதுவாக, “விட்டுரு மக்கா, அவன் ஒண்ணும்…” என்று ஆரம்பித்தார். நான் விடவில்லை. “நீங்க அவனுக்காகப் பேசாதீங்கப்பா” என்றேன். பேட்டியில் எல்லா அப்பாக்களும் இப்படித்தான் மகனுக்காகப் பேசுவார்கள். எனக்கு அது பழக்கம்.

ஜெபம் சொல்லும்போதுதான் கவனித்தேன். வீட்டுப் பீடத்தில் அந்தோணியார் சுரூபத்துக்குப் பின்னால் குருத்தோலை சொருகியிருந்தது. உங்களுக்கு விளங்காது, சொல்கிறேன். குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுக்கிற ஓலையைச் சிலுவையாக மடித்து அணியத்தில் இருக்கிற இரும்பு வளையத்தில் கட்டுவார்கள். வருஷம் முழுக்க வெயிலிலும் உப்பிலும் அங்கேயே காயும். வள்ளத்தை விற்றால், உடையவர் தன் கையால் அந்த ஓலையை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வாங்குகிறவர் தன் ஓலையைக் கட்டுவார். நடுவில் வேறொரு கை பட்டால் அந்த வியாபாரம் வியாபாரமே இல்லை. பணம் கைமாறினாலும் சரி, எங்கள் கரையில் அதுதான் வழக்கம்.

ஆக, ஓலையில்கூடக் கை வைத்திருக்கிறான்! அப்பா விற்கவே இல்லை என்றால் அவர் எப்படி அவிழ்த்திருப்பார்? இவன்தான் அவிழ்த்திருக்க வேண்டும். அந்த நிமிஷமே எனக்குக் கேஸ் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததையெல்லாம் கவனித்துக்கொண்டே வந்தேன். ஆய்வாளர் என்றால் கவனிக்க வேண்டும் இல்லையா? அம்மா டம்ளரைத் தரையில் வைக்காமல் அப்பாவின் கையைப் பிடித்து அதில் கொடுத்தாள். குழந்தையாக்கிவிட்டார்கள் மனுஷரை என்று நினைத்தேன். கோயிலுக்குப் போகும்போது இடது பக்கம் வந்த சைக்கிள்காரன் பெல்லை விடாமல் அடித்தான், அப்பா விலகவே இல்லை. ஊரின் மேல் அவ்வளவு விரக்தி. தஸ்நேவிஸ் மாமா, அப்பாவோடு எப்போதும் கடலுக்குப் போகிறவர், நெற்றியில் தையல் போட்டிருந்தார். “என்ன மாமா?” என்றால், “கதவு நெலையில இடிச்சிக்கிட்டேம்மா” என்றார். மாமா என் தோள் உயரம். அவர் வீட்டு நிலை அவரைவிட ரொம்ப உயரம். குடித்துவிட்டு விழுந்திருப்பார், சொல்ல வெட்கம் என்று எனக்குத் தோன்றியது.

ஊர்க் கமிட்டியில் பிராது கொடுத்தேன். சிரிக்காதீர்கள் அக்கா. பெண்பிள்ளை போய்ப் பிராது கொடுத்தது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை. தலைவர் பல்தசார் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இஞ்ஞாசிக்குத் தெரியுமா பிள்ள?” என்றார். “அவருக்காகத்தான் கொடுக்கிறேன்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூட்டம். அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை தேய்த்துப் போட்டு நானே கூட்டிக்கொண்டு போனேன். வழியில், “மக்கா, நான் ஒண்ணே ஒண்ணு சொல்லிர்றேன்” என்றார்.

“அங்க வச்சுச் சொல்லுங்கப்பா.”

அங்கே உட்கார்ந்ததும் மறுபடியும், “எமரன்சி, கேளு…” என்றார்.

“இப்ப வேண்டாம்ப்பா. நீங்க வாயத் தெறந்தா பாசத்துல எதையாவது ஒளறி வச்சிருவீங்க. நானே பேசிக்கிறேன்.”

வள்ளத்தை வாங்கியவர் பக்கத்துக் கரை சில்வேரியன். அண்ணன் வயதுதான் இருக்கும். நல்ல மனுஷன், அதை மறுக்கவில்லை. ஆனால் நல்ல மனுஷனாக இருப்பது வாதத்துக்குப் பதில் ஆகுமா? அவர் எழுந்து சொன்னார்: “இஞ்ஞாசி மாமா அன்னைக்கு அணியத்துல கை வச்சிக்கிட்டே எங்கூடத் தண்ணிக்குள்ள நடந்து வந்தாரு. நெஞ்சளவு தண்ணி வந்தும் நிக்கல. நாந்தான், போதும் மாமா, திரும்புங்கன்னேன். பேர மட்டும் மாத்தாதப்பான்னாரு. அதான் எழுத்துல நான் இன்னும் கை வைக்கல.”

எழுந்தேன். “கூட நடந்தா சம்மதமா? நாளைக்கு ஒங்க வீட்டுப் பீரோவ ஒருத்தன் தூக்கிட்டுப் போறான், நீங்க பின்னாலயே தெருமுனை வரைக்கும் போறீங்க. அப்ப பீரோ அவனுக்கா?”

கூட்டம் சிரித்தது. “பேரை மாற்றாதே என்று சொன்னதே, அந்த வள்ளத்தை அவர் மனதால் விடவில்லை என்பதற்குச் சாட்சி” என்றேன். பிறகு கடைசி ஆணியை அடித்தேன்.

“ஓலைய அவுத்தது யாரு? அத மட்டும் சொல்லச் சொல்லுங்க.”

பல்தசார் மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்து கையிலிருந்த துண்டின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது மாதிரி இருந்தது. அதற்குள் அண்ணன் எழுந்துவிட்டான்.

“நாந்தான் அவுத்தேன்” என்றான்.

“நீயாலே?” பல்தசார் மாமா நம்பாத மாதிரி கேட்டார். “ஒங்கப்பன் இருக்கும்போது?”

“ஆமா. நாந்தான்.”

பின்வரிசையில் யாரோ காறித் துப்பினார்கள். கட்டி வைத்து உரிக்க வேண்டும் இவனை என்று ஒரு குரல். அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் நியாயம் என்று வந்த பிறகு பாவம் பார்க்க முடியுமா?

வியாபாரம் செல்லாது என்று தீர்ப்பு. சில்வேரியன் மறுநாளே வள்ளத்தைக் கொண்டுவந்து விட்டார். பணம் திரும்பிப் போனது. தன் ஓலையை அவர் அவிழ்க்கும்போது ஊரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: “நான் என் கையால அவுக்கேன். எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க. பெறகு பிராது கிராதுன்னு வந்துராதீங்கய்யா.” அந்தக் குத்தல் எனக்குத்தான். பரவாயில்லை. ஜெயித்தவர்கள் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

பீடத்திலிருந்த பழைய ஓலையை அப்பா மறுபடி கட்ட வேண்டும். வளையத்தைக் கையால் தடவித் தடவித் தேடினார். கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, எங்கெங்கோ தடவுகிறார். அம்மா வந்து அவர் விரலைப் பிடித்து வளையத்தில் வைத்தாள். சந்தோஷத்தில் தடுமாறுகிறார் என்று நினைத்தேன். என் கண்ணும் நிறைந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். கட்டுரையின் கடைசி அத்தியாயம் அந்த இடத்திலேயே எழுதி முடித்த மாதிரி இருந்தது.

ஆனால் பாருங்கள், அதற்குப் பிறகு அப்பா கடலுக்குப் போகவே இல்லை.

காலையில் எழுந்து கரைக்குப் போவார். வள்ளத்து நிழலில் உட்கார்ந்திருப்பார். வெயில் நிழலைத் தின்றதும் எழுந்து வருவார். தஸ்நேவிஸ் மாமாவைக் கூப்பிடப் போனால் இடுப்பு வலி என்றார். வேறு யாரைக் கூப்பிட்டாலும் ஒரு சாக்கு. அப்பாவைக் கேட்டால், “காத்து கொஞ்சம் மாறட்டும் மக்கா” என்பார்.

காற்றுக்கு என்ன குறை? கரையிலிருந்து கடலுக்குக் கச்சான் காற்று ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. எல்லாப் பாயும் போய் வந்துகொண்டிருந்தது. போகிறவர்கள் வாயும் சும்மா இருக்கவில்லை. “என்ன இஞ்ஞாசி, காத்து ஒனக்கு மட்டும் லீவா?” என்பார் ஒருவர். “வக்கீலம்மா உத்தரவு போட்டாத்தான் பாய் விரிப்பாரு, சும்மா கேக்காதீரும்” என்பார் இன்னொருவர். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஊர் முன்னால் நின்று அவருக்காக நான் அவ்வளவு பேசியிருக்கிறேன். அவர் கடலுக்குப் போகாமல் இப்படி உட்கார்ந்திருந்தால், என் வாதத்துக்கு என்ன மரியாதை? அண்ணன் சொன்னதே சரி என்று ஆகிவிடாதா?

வீட்டிலும் நிம்மதி இல்லை. அண்ணன் என்னோடு பேசுவதில்லை. சாப்பிட்ட தட்டை நான் எடுத்தால்கூடப் பிடுங்கிக்கொண்டு போவான். அம்மா ஜெபம் சொல்லும்போது இடையில் பெருமூச்சு விடுவாள், அது எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். ஜெயித்த வீடு மாதிரியே இல்லை, அக்கா. எனக்கு அலுத்துவிட்டது. கட்டுரையைக் கொடுக்க விடுதிக்குத் திரும்பும் நாள் வேறு நெருங்கிவிட்டது. அப்பா ஒரு தடவையாவது பாய் விரிப்பதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று பிடிவாதம்.

நேற்றுக் காலையில் சொன்னேன்: “யாரும் வராட்டா என்னப்பா? நான் வாரேன் ஒங்க கூட. பாரு வரைக்கும் வேண்டாம். சும்மா ஒரு சுத்து.”

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். பிறகு, “நீயா வாற?” என்றார்.

“ஆமா, நாந்தான்.”

“ஒனக்குக் கடலு ஒத்துக்காத மக்கா. வாந்தி எடுப்ப.”

“எடுத்தா எடுக்கேன்.”

“சரி” என்றார். சந்தோஷமாகச் சொன்னாரா, சலித்துப்போய்ச் சொன்னாரா என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கேட்ட குரல்தான்.

கரையில் நின்ற நாலு பேர் கைகொடுத்துத் தள்ளிவிட்டார்கள். நான் அணியத்துப் பக்கம் ஓலைக்குக் கீழே உட்கார்ந்தேன். அப்பா பின்னால் சுக்கானைப் பிடித்தார். பாய் ஏறியது. காற்று பிடித்ததும் வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்து ஓடத் தொடங்கியது. வள்ளத்தில் உட்கார்ந்து அப்பாவைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தார், கோழி தலையைத் திருப்புமே, அது மாதிரி. காற்றுப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

கரையிலிருந்து திடீரென்று கூச்சல். கையை ஆட்டுகிறார்கள். நாங்கள் போகிற வழியில், இடது பக்கமாக, ஒரு பைபர் படகு நங்கூரம் போட்டு நின்றது. நானும் கடைசியில்தான் பார்த்தேன், எனக்கு அதெல்லாம் பழக்கமில்லை. “அப்பா, போட்டு!” என்று கத்தினேன். “எங்க?” என்றார். எங்கே என்றா கேட்பது? பட்டப்பகலில், கண்ணுக்கு எதிரே, சிவப்புப் பெயிண்ட் அடித்த படகு! “எடப்பக்கம்ப்பா, எடப்பக்கம்!” அவர் திரும்பினார். திரும்பியும் அவர் கண் அதன் மேல் நிற்கவில்லை. பாயை இறக்கக் கயிற்றை விட்டார். பாய் கட்டியிருக்கும் குறுக்குக் கம்பு, பருமல் என்போமே, அது தடதடவென்று இறங்கி என் தோளுக்குப் பக்கத்தில் விழுந்தது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் என் தலை. அதே வேகத்தில் போய் மோதினோம். ஓடுகிற படகில் இல்லை, அக்கா. சும்மா நின்ற படகில்.

அண்ணன் வேலைக்குக் கிளம்பியவன், பேன்ட் சட்டையோடு தண்ணீருக்குள் ஓடி வந்து வள்ளத்து விளிம்பைப் பிடித்தான்.

“எறங்கு ஏட்டி!”

“அந்தப் போட்ட யாரு இங்கன கட்டினது? வழியில கட்டினா…”

“எறங்குன்னேன்! அவருக்கு எடப்பக்கம் தெரியாதுட்டி! பங்குனியில இருந்தே தெரியாது. ஓரப் பார்வை போயிட்டு, இனி வராதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. தஸ்நேவிஸ் மாமா மண்டைய எந்தக் கதவு ஒடைச்சதுன்னு நெனச்ச? இதே பருமல்தான்!”

கரையில் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இத்தனை நாள் மறைத்து வைத்ததை அவன் ஊருக்கே கத்திச் சொல்லிவிட்டான் என்று அவனுக்கே அப்புறம்தான் உறைத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டான். அப்பா சுக்கானை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“என்ட்ட ஏன் சொல்லல?” என்றேன். “திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குத்தான வந்திருப்பீங்க? நான் அங்கதான இருக்கேன்? ஒரு வார்த்தை…”

“ஒங்கிட்ட யாரு சொல்லி முடிக்க முடியும்?” என்றான் அண்ணன். திரும்பி நடந்து போய்விட்டான். ஈரப் பேன்ட்டோடு.

இப்போது நீங்கள் சொல்லுங்கள், அக்கா. என் வாதத்தில் எங்கே ஓட்டை? சபையில் பொய் சொன்னது அவன். நான் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அவன் உண்மையைச் சொல்லியிருந்தால் தீர்ப்பு அன்றைக்கே வேறு மாதிரி ஆகியிருக்கும். எனக்கு மறைத்தது அவர்கள், கெட்ட பேர் மட்டும் எனக்கா? இரவு முழுக்க இதையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓட்டை தெரியவில்லை. உடம்புதான் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. பக்கத்தூர் சில்வேரியனுக்கு அண்ணன் போன் போட்டிருக்கிறான். வள்ளத்தை மறுபடி வாங்கிக்கொள்ள வருகிறாராம், நல்ல மனுஷன் என்று சொன்னேனே.

வண்ணாரப்பேட்டை வந்துவிட்டதா? நான் அடுத்த நிறுத்தம். கொஞ்சம் இருங்கள், பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறேன். ஓலை பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். ம், இருக்கிறது.

அப்பா சொன்னதை மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன். வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு எல்லாரும் போன பிறகு, நாங்கள் இரண்டு பேரும்தான் நின்றோம். நான் அவருக்கு வலது பக்கமாகப் போய் நின்றேன். “அன்னைக்குக் கூட்டத்துல ஏம்ப்பா வாயத் தெறக்கல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்று கேட்டேன். அப்பா என் தலையில் கை வைத்தார். பருமல் விழுந்த இடத்தில் அடிபட்டிருக்கிறதா என்று தோளை, காதை, நெற்றியைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“நீ நல்லாப் பேசுன மக்கா. இஞ்ஞாசி மக எப்படிப் பேசுதா பாருன்னாங்க, நானும் கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். ஓலைய நாந்தான் அவுத்தேன். எங் கண்ணு வெவரம் ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு ஒங்கண்ணன் பழிய ஏத்துக்கிட்டான். ஒரு பகல் பூரா இங்கன உக்காந்திருந்து அவுத்தேன். ரெண்டாவது தடவை அவுக்க எனக்குத் தெம்பு இல்லம்மா. ஒன் பேருதான எழுதியிருக்கு. நீ அவுத்துரு.”